மாரப்பனின் ஐந்து, செல்வினின் ஐந்து

“ரெண்டு பேருக்கும் அஞ்சு வேற வேறயா இருக்கு, கிளெமென்ட். நீயே வந்து பாரு.”

“என்ன அஞ்சு?”

“அஞ்சாவது படி. மாரப்பன் தாள்ல அஞ்சுன்னா ‘பின்பக்கக் கவரைத் திறக்கவும்’. செல்வின் தாள்ல அஞ்சுன்னா ‘பின்பக்கக் கவர் மூடியிருப்பதை உறுதி செய்யவும்’.”

கிளெமென்ட் கடித்த முட்டை பப்ஸை மெல்ல மறந்து, நாற்காலியை அப்படியே உருட்டிக்கொண்டு அம்சவேணியின் மேசைக்கு வந்தான். திரையில் இரண்டு பக்கங்கள் அருகருகே நின்றன. இரண்டும் ஒரே ஆவணம்தான்: நூல் மில்லின் கார்டிங் மெஷினில், அதாவது பஞ்சு சீவும் எந்திரத்தில், சிக்கிய பஞ்சை எடுப்பது எப்படி, பதினான்கு படிகள். எழுத்து, இடைவெளி, ஓரம், படம் எல்லாம் அம்சவேணி உட்கார்ந்து வடிவமைத்தவை. ஆனால் இடது பக்கத்தில் பதினான்கு படிகள் இருந்தன, வலது பக்கத்தில் எட்டுதான் இருந்தன.

“அது அப்படித்தானே இருக்கும்? அதுக்குத்தானே சாஃப்ட்வேரே” என்றான் கிளெமென்ட்.

அவன் சொன்னதும் நியாயம்தான். அதுதான் ‘இசைவு’. கோயம்புத்தூர் பீளமேட்டில் இவர்கள் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து செய்த டிடிபி மென்பொருள். முன்பெல்லாம் மெஷினோடு அறுநூறு பக்கத்துக்கு ஒரு கையேடு வரும். அதை மேனேஜர் பீரோவில் வைத்துப் பூட்டுவார், சாவி தொலையும், கதை முடிந்தது. இப்போது ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு மின்தாள். சட்டைப்பையில் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். தாளின் ஓரத்தில் கடுகளவு கேமரா ஒன்று உண்டு. படிப்பவரின் கண் எங்கே நிற்கிறது, எங்கே தடுக்குகிறது, எதைத் தாண்டி ஓடுகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கண் தடுக்கிய வரியைத் தாள் எளிமையாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் படமும் போடும். கண் தாண்டிப் போகும் வரியை ‘இவருக்கு இது தெரியும்’ என்று மடித்து ஒளித்துவிடும். ஆளுக்கு ஏற்ற பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவரும் படிக்கலாம், பாலிடெக்னிக் முடித்தவருக்கும் சலிக்காது. நூற்று நாற்பது மில்களில் ஓடிக்கொண்டிருந்தது.

“மடிக்கறது பிரச்சினை இல்ல. மடிச்ச பொறவு நம்பர் என்ன ஆகுது பாரு” என்றாள் அம்சவேணி.

கிளெமென்ட் பார்த்தான். செல்வினுடைய பக்கத்தில் ஒன்பதாவது படிக்கு முன்னால் மட்டும் நடுநடுவே நான்கு படிகள் மடிந்திருந்தன. மடிந்த இடத்தில் ஓட்டை தெரியவில்லை. ஒன்பதாவது படி சமர்த்தாக மேலே ஏறி ஐந்தாவது ஆகியிருந்தது.

பட்டியலில் ஒரு வரி போனால் மற்ற வரிகள் தாமாக எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கம் வடிவமைக்கிறவர்களுக்கு இது மூச்சு மாதிரி. கிராஸ்கட் ரோட்டில் ஒரு டிடிபி சென்டரில் சேர்ந்த முதல் நாளே அம்சவேணிக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்: நம்பரைக் கையால் போடாதே. கையால் போட்ட நம்பரைப் பார்த்தாலே அவளுக்குக் கை அரிக்கும். பதினோரு வருடம் அரித்த கை.

“சரி, மாறியிருக்கு. அதனால என்ன? அவங்கவங்க தாள அவங்கவங்க பாக்கறாங்க” என்றான் கிளெமென்ட்.

“மில்லுக்குள்ள போயிருக்கியா நீ?”

“இல்ல.”

“காதுக்குள்ள கத்தினாலும் கேக்காது. மெஷினுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். ஒரு படி முடிஞ்சா வெரலக் காட்டுவாங்க. எதிர்ல இருக்கறவரும் அதே வெரலக் காட்டுனா, ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கோம்னு அர்த்தம். அப்பறம் அடுத்த படி. தாத்தா காலத்துலருந்து அப்படித்தான்.”

கிளெமென்ட் மெதுவாக பப்ஸை மேசைமேல் வைத்தான்.

போன வியாழக்கிழமை நடந்ததை இருவரும் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்கள். பல்லடம் பக்கத்து மில் ஒன்றில், மெஷினின் பின்பக்கம் மாரப்பன், முன்பக்கம் செல்வின். பழைய மெஷின். கவரைத் திறந்தால் தானாக நின்றுபோகும் வசதி அதில் இல்லை. மாரப்பன் கவரைத் திறந்துவிட்டு ஐந்து விரல்களை விரித்துக் காட்டினார். செல்வின் தன் தாளைப் பார்த்தான். அதில் ஐந்து என்றால் கவர் மூடியாயிற்று. அவனும் ஐந்தைக் காட்டினான். காட்டிவிட்டு ஆறாவது படியைச் செய்தான். அதாவது, சிலிண்டரைக் கொஞ்சமாகச் சுழற்றிப் பார்க்கிற இன்ச்சிங் பட்டனை அழுத்தினான். மாரப்பனின் ஆறாவது படி, உள்ளே கைவிட்டுப் பஞ்சை எடுப்பது.

வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

மில் நிர்வாகம் செல்வினைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது. கவனக்குறைவு என்று எழுதி, வெள்ளிக்கிழமை விசாரணை. தவறு உறுதியானால் வேலை போகும், போலீஸ் கேஸும் வரும். மெஷின் ஆவணத்தில் குழப்பம் எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதித் தரச்சொல்லி அம்சவேணிக்குக் கடிதம் வந்திருந்தது. அந்த ஒரு வரியை எழுதுவதற்காகத்தான் அவள் இரண்டு தாள்களையும் திறந்தாள்.

“நம்பர நிரந்தரமா வைக்க ஒரு ஆப்ஷன் இருக்கே. மடிச்சாலும் ஒன்பது ஒன்பதாவே இருக்கும். அத யாரு எடுத்துவிட்டது?” என்று கேட்டான் கிளெமென்ட்.

“நான்தான்.”

ஏன் எடுத்தாள் என்பதை அவனுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு இதே மில்லில்தான் முதல் சோதனை நடந்தது. அப்போது எண்கள் நிரந்தரமாக இருந்தன. செல்வினின் தாளில் 1, 2, 4, 7, 9 என்று எண்கள் தாவித் தாவிப் போகும். வேறொருவர் தாளில் 1, 3, 7. மாரப்பன் தாளில் மட்டும் 1, 2, 3 என்று பதினான்கு வரை ஒன்று விடாமல் வந்தது, பெரிய எழுத்தில், பக்கத்தில் படங்களோடு. முதல் வாரமே பிடித்துக்கொண்டார்கள். ‘உங்க தாளு உங்களை எல்கேஜின்னு நெனைக்குது மாரப்பண்ணா’ என்றான் ஒருவன். ‘அ போட்ட எடத்துல அணில் படம் வந்துச்சா?’ என்றான் இன்னொருவன். மாரப்பன் சிரித்தார். மறுநாள் தாளைச் சட்டைக்குள் மறைத்து வைத்துப் பார்த்தார். அதற்கு மறுநாள் பார்க்கவே இல்லை.

மில்லுக்குப் போயிருந்த அம்சவேணி இதையெல்லாம் ஒரு மூலையில் நின்று கவனித்தாள். அன்று திரும்பி வந்து ஒரு சின்னக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான். எல்லாருடைய தாளும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓட்டை இல்லாமல் வரிசையாக வந்தது. யாருக்கு எவ்வளவு மடிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கமும் பார்க்க அழகாக இருந்தது.

“இப்ப என்ன பண்ணப் போற?” என்றான் கிளெமென்ட்.

“நடந்தத எழுதிக் குடுக்கப் போறேன்.”

“அம்சா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. அடுத்த அப்டேட்ல நம்பர நிரந்தரமா மாத்திடலாம். இனிமே நடக்காது. நூத்தி நாப்பது மில்லு, பன்னெண்டு பேரு பொழப்பு. செல்வினுக்கு மிஞ்சிப்போனா மூணு மாச சஸ்பென்ஷன்.”

“யாரு சொன்னா, மூணு மாசம்னு?”

கிளெமென்ட் ஆறிப்போன பப்ஸைத் திரும்ப எடுத்தான். அவனும் சும்மா ஒரு நம்பிக்கையில்தான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மில் அலுவலகத்தில் பராமரிப்பு மேனேஜர் தண்டபாணி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சுவரோரமாக செல்வின் நின்றான். இருபத்தாறு வயது, தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம்.

“அண்ணாச்சி அஞ்சு காட்டுனாருங்க சார். நானும் அஞ்சு காட்டுனேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. அஞ்சுன்னா அஞ்சுதான சார்?”

“அஞ்சுன்னா அஞ்சுதான், அதயே எத்தன தடவ சொல்லுவ? கவரு தெறந்திருக்குதா மூடியிருக்குதான்னு எட்டிப் பாக்க வேண்டாமா?” என்றார் தண்டபாணி.

அம்சவேணி இரண்டு பக்கங்களையும் சாதாரணக் காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தாள். மேசைமேல் அருகருகே வைத்தாள்.

“ஏனுங் சார், ரெண்டையும் கொஞ்சம் பாருங்க. இது மாரப்பண்ணன் பாத்தது. இது செல்வின் பாத்தது.”

தண்டபாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இடதைப் படித்தார், வலதைப் படித்தார். மறுபடி இடது. விரலை ஐந்தின்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஒரே கம்பெனி புக்குத்தானுங்களே இது?”

“ஒரே புக்குத்தானுங். ஆளுக்கு ஆள் மாறும். நம்பரும் மாறும். மாறட்டும்னு விட்டது நானுங்.”

“தெரிஞ்சேவா?”

“நம்பர் மாறும்னு தெரியுமுங். நீங்க வெரலக் காட்டி வேல செய்யறதும் தெரியும், பாத்திருக்கறேன். ரெண்டையும் சேத்து யோசிக்கலீங்.”

செல்வின் சுவரைவிட்டு ஓர் அடி முன்னால் வந்து, அந்தக் காகிதங்களை எட்டிப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது, எண்ணுகிற மாதிரி. பிறகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

அன்று மாலையே அவனை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். தவறு ஆவணத்தில் என்று தண்டபாணி தன் கையாலேயே எழுதினார். அம்சவேணியின் கம்பெனிக்கு மில்லிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. திங்கட்கிழமைக்குள் எண்களைச் சரிசெய்யாவிட்டால் எல்லா மில்களுக்கும் சொல்லிவிடுவோம் என்றது.

இனி செய்ய வேண்டியது சுலபம்தான், இல்லையா? எடுத்த டிக்கைத் திரும்பப் போட வேண்டும். அதற்கு முன்னால் மாரப்பனைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சனிக்கிழமை திருப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கையில் பெரிய கட்டோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாரப்பன் இடது கையால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டிக்கை எடுத்ததை, ஏன் எடுத்தாள் என்பதை, யாருக்காக என்பதை. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“எனக்காகவா பண்ணுனீங் அம்மிணி?”

“ஆமாங்கண்ணா.”

“அதான பாத்தேன். திடீர்னு எல்லார்த்து தாளும் ஒரே மாதிரி ஆயிப்போச்சு. அந்த ஒரு வாரம் நான் சோத்து நேரத்துல கேன்டீன் பக்கமே போவலீங். மெஷினுக்குப் பின்னாடி உக்காந்து தின்னேன். தாளு மாறுன பொறவுதானுங் போனேன்.”

“இனி பழையபடி நம்பர் போட்டுடறேனுங். ஒன்பதுன்னா எல்லாருக்கும் ஒன்பதுதான். யாருக்கும் இப்படி நடக்காது.”

மாரப்பன் இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“வேண்டாமுங்.”

“என்னங்கண்ணா?”

“மாத்தாதீங். நாங்க பாத்து நடந்துக்கறோம். வெரலக் காட்டாம கிட்டப் போயிச் சொல்லிக்கறோம். அது எங்க பாடு. மாத்துனா எனக்கு மட்டும் பதினாலு, அவனுகளுக்கு எட்டும் ஒம்பதும்னு மறுக்காத் தெரிஞ்சு போயிருமுங்.”

“உங்க வெரலு போயிருச்சுங்கண்ணா.”

“போனது என்னுதுதானுங். அதனாலதான் நான் சொல்றேன்.”

“எல்லாருக்கும் பதினாலையும் காட்டிடட்டுமாங்?”

“செல்வினுக்கா? ஒரு நா பாப்பான். மறுநா அத மடிச்சு வெச்சுட்டு மனப்பாடத்துல செய்வான். எனக்கே தெரியுமுங் அவன” என்று சொல்லிவிட்டு, வலி வந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் நின்றாள். திங்கட்கிழமை காலை, அவர் வேண்டாம் என்றதை நினைத்துக்கொண்டேதான் அந்த டிக்கைப் போட்டாள். போட்டுவிட்டு, கிளெமென்ட் ‘அப்பாடா’ என்றபோது, ஒரு மனிதனை அத்தனை பேர் நடுவில் சட்டையைக் கழற்றி நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

இரண்டு மாதம் போனது. மாரப்பன் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று தெரியும். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரு புதன்கிழமை கிளெமென்ட் மறுபடி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

“பல்லடம் மில்லுல சாஃப்ட்வேர் புட்டுக்கிச்சு.”

“என்ன ஆச்சு?”

“பதினாறு டெக்னீஷியன். எல்லாருடைய படிக்கற அளவும் ஒரே சமயத்துல அடிமட்டத்துக்குப் போயிருச்சு. எட்டுப் படி பாத்தவன், ஒம்பது பாத்தவன், எல்லாத்துக்கும் இப்ப பதினாலு. பெரிய எழுத்து, படத்தோட. மத்த நூத்தி முப்பத்தொம்பது மில்லும் சரியா ஓடுது. இங்க மட்டும் எல்லாரும் ஒரே நாள்ல எழுதப் படிக்க மறந்துட்டாங்களா? கேமரால எண்ணெய் கிண்ணெய் பட்டிருக்கும். போய்ப் பாத்துட்டு வா.”

அவள் போனாள். ஷெட்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். கார்டிங் மெஷின் முன்னால் செல்வின் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தான். புருவத்தைச் சுளித்து, ஒரு வரியின்கீழ் விரலை வைத்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக நகர்த்தினான். கடைசி வரை போனான். மறுபடி முதலிலிருந்து வந்தான். இரண்டு வருடமாகக் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்கிற வேலை அது. அவனுக்கு அப்பால் இன்னொருவன், அதற்கு அப்பால் இன்னொருவன், எல்லாரும் அதே முகத்தோடு.

டீ நேரத்தில் அவனைப் பிடித்தாள்.

“என்ன செல்வின், கண்ணு தெரியலியா?”

“எனக்குத் தெரியுதுக்கா. தாளுக்குத்தான் தெரியக்கூடாது.”

“என்ன பண்றீங்க எல்லாரும்?”

செல்வின் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“மெதுவாப் பாத்தா, திரும்பித் திரும்பிப் பாத்தா, இவனுக்கு வெளங்கலன்னு நெனச்சு மடிச்சதையெல்லாம் விரிச்சிருது. நாலு நாள்ல எனக்குப் பதினாலும் வந்துட்டு. அண்ணாச்சி வேலைக்கு வரதுக்கு முந்தின வாரமே ஆரம்பிச்சேன். பொறவு ஒருத்தன் கேட்டான், சொன்னேன். அவன் இன்னொருத்தன்ட்ட சொன்னான். அணில் படம் வந்துச்சான்னு கேட்டான்லா, அவனுக்குத்தான் லேட்டாச்சு. பதினாலு வர ஒம்பது நாள் ஆச்சு. ரொம்ப வேகமாப் படிச்சுப் பழகிட்டானாம்.”

“மாரப்பண்ணனுக்குத் தெரியுமா?”

“மூச்சு விட்டுராதீங்க.”

அவன் போகத் திரும்பியவன், நின்றான்.

“ஒண்ணு சொல்லட்டாக்கா? இந்தப் பதினொண்ணாவது படி இருக்குல்லா, பெல்ட்டை விட்டுப் பாத்துட்டு மறுபடி இறுக்கணும்னு. நான் ரெண்டு வருசமா அதச் செய்யவே இல்ல. செய்யறதாத்தான் நெனச்சிட்டிருந்தேன். எனக்குத் தெரியும்னு தாளும் மடிச்சு வெச்சுட்டு. சும்மா படிக்கற மாதிரி நடிக்கும்போதுதான் கண்ணுல பட்டுது.”

கேன்டீனில் நடு மேசையில் உட்கார்ந்து, எட்டு விரல்களோடு டம்ளரைப் பிடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார் மாரப்பன். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங் அம்மிணி! நல்ல வேள வந்தீங். உங்க தாளு கெட்டுப் போச்சாட்ட இருக்குது. எல்லார்த்துக்கும் பதினாலுதான் வருது. செல்வினுக்குக்கூட! பாலிடெக்னிக் படிச்சவனுக்கு!”

“அப்படிங்களா?”

“இப்ப இல்லீங், அப்பவே கெட்டுத்தான் இருந்திருக்குமுங். நாந்தான் எனக்கு வெளங்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டு, மேசையே அதிரும்படி சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் கிளெமென்ட்டின் போன்.

“என்ன அம்சா, கேமராவா?”

“கேமரா நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப நடிக்கறாங்க. எனக்கு அப்பவே சந்தேகம். சரி, நடிக்கறாங்கன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பு. நெஜமாவே தடுமாறற கண்ணு வேற மாதிரி அசையும், நடிக்கற கண்ணு வேற மாதிரி அசையும். ரெண்டே நாள்ல பிரிச்சுடலாம். ஆளாளுக்குச் சரியான பக்கம் போயிரும். மில்லுலயும் கேக்கறாங்க, வேலை முடிய முன்ன விட நேரமாகுதாம். என்ன, லைன்ல இருக்கியா?”

அம்சவேணி லைனில்தான் இருந்தாள். பழுது அறிக்கை அவள் கையிலிருந்த மின்தாளில் திறந்திருந்தது. ‘பழுது உண்டா?’ என்று கேட்டு இரண்டு கட்டங்கள் காட்டியது. அவள் ‘இல்லை’யை அழுத்தினாள். ‘காரணம்’ என்ற இடத்தில், ‘பதினாறு பேரும் கவனமாகப் படிக்கிறார்கள்’ என்று எழுதி அனுப்பினாள். அது பொய்யா? அவர்கள் நடிக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அந்த நடிப்பில்தான் பதினொன்றாவது படி கிடைத்தது. இப்போது அந்த மில்லில் ஐந்து என்றால் எல்லாருக்கும் ஒரே ஐந்து. நீங்கள் அவள் இடத்தில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? அந்தப் பதினாறு பேரும் தாளை ஏமாற்றினார்கள் என்றா, இல்லை தாளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றா? சொல்லுங்களேன்!